எங்கள் கேமில் தடைக்காலம்

வீடியோ கேம் தொழிலில் செய்கிறவர்களுக்குப் பேர், பதில் சொல்கிறவனுக்குத் திட்டு. நான் பதில் சொல்கிறவன். கவுண்டருக்குள் உட்கார்ந்து கண்ணாடி ஓட்டை வழியாக வசவு வாங்குகிறவர்கள், போனை எடுத்து "வணக்கம், சொல்லுங்க" என்று முடிப்பதற்குள் பரம்பரையையே இழுத்துத் திட்டக் கேட்பவர்கள் எல்லாரும் என் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு நம் கஷ்டம் எங்கே புரியப்போகிறது.

காரைக்காலில் ஒரு மாடி அறையில் நாங்கள் மூன்று பேர். கூடப் படித்தவர்கள். சுலைமான் கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுவான். கிளிஞ்சல்மேட்டுக் கலைச்செல்வி படம் வரைவாள், வசனமும் அவள்தான். நெரவிக்காரனான எனக்கு இரண்டும் வராது என்பதால் ஆட்டக்காரர்களுக்குப் பதில் எழுதும் வேலையைத் தலையில் கட்டினார்கள். எங்கள் கேமின் பெயர் 'ஏழு மதகு'. அந்தக் காலத்து டிவி கேம் மாதிரியே வேண்டுமென்று செய்தது. ஒரு பூதராஜா ஆற்றைத் திருடிக் கடல்தீவில் பூட்டி வைத்துவிடுகிறான், மதகு காக்கிற ஒருத்தன் அதை மீட்கப் படகேறிப் போகிறான்.

கேம் விற்கிற இணையதளத்தில், பிடித்தவர்கள் கட்டைவிரலை மேலே காட்டுவார்கள், பிடிக்காதவர்கள் கீழே காட்டுவார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து அவர்களே ஒரு பட்டம் கொடுப்பார்கள். எங்களுக்குக் கிடைத்த பட்டம் 'கலவை', அதாவது மேலேயும் கீழேயும் ஏறக்குறைய சரிபாதி.

இந்தப் பட்டத்தில்தான் எங்கள் பிழைப்பே தொங்கியது. சுலைமானின் அண்ணன் துபாயில் இருக்கிறார். அவன் நானா என்று கூப்பிடுவதால் எங்களுக்கும் அவர் நானா. பொங்கலுக்கு நாங்கள் கேமை வெளியிட்ட அன்றே போனில் சொல்லிவிட்டார். "பக்ரீத்துக்கு வர்றேன். அதுக்குள்ள நாலு பேரு நல்லாருக்குன்னு சொல்லணும், நானும் பாத்து இது ஒரு தொழில்தான்னு ஒத்துக்கணும். இல்லேன்னா விசா தயாரா இருக்கு, என்கூட கெளம்பு." சுலைமான் போனால் அறையைப் பூட்ட வேண்டியதுதான்.

முழுசா வராத படம்

மாடியை எங்களுக்கு வாடகைக்கு விட்டவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்த பென்ஷன்காரர். தெருவே அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசியே என்றுதான் கூப்பிடும். கம்ப்யூட்டர் கம்பெனி என்றதும் மேலே பெரிதாக என்னமோ நடக்கிறது என்று நினைத்துக்கொண்டார். ஒருநாள் மெதுவாகப் படியேறி வந்து, சுலைமானின் திரைக்கு முன்னால் நின்று பார்த்தார்.

எங்கள் கதாநாயகனுக்கு மூக்கு ஒரு சதுரம், கண் இரண்டு சதுரம். அவனை வரைய கலைச்செல்வி பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். முசியே கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அப்புறம் ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: "ஏன் தம்பி, இங்க கரண்டு கம்மியா வருதா? படம் இன்னும் முழுசா வரலியே."

கிணற்றடி

பழைய கேம்களில் ஆட்டத்தை நினைத்த இடத்தில் சேமித்து வைக்க முடியாது. எங்கள் கேமிலும் அப்படித்தான், ஊர்க் கிணற்றடிக்கு நடந்து போனால்தான் சேமிக்கலாம். ஒருவர் இதற்காகவே விரலை மேலே தூக்கி, "சின்ன வயசுல விளையாடுன மாதிரியே இருக்கு, கண்ணு கலங்கிடுச்சு" என்று எழுதினார். அடுத்தவர் இதற்காகவே விரலைக் கீழே இறக்கினார். இரண்டு பேருக்கும் பதில் எழுத வேண்டியவன் ஒரே ஆள்.

கோபித்துக்கொண்டவர் சேலத்துக்காரர். சாப்பிடக் கூப்பிட்டார்களாம், கிணறு எங்கே இருக்கிறது என்று தேடி ஓடிக்கொண்டே இருந்தாராம், சோறு ஆறிப்போய்விட்டதாம். காட்டில் இன்னும் இரண்டு கிணறு வெட்டித் தருகிறோம் என்று பணிவாக எழுதினேன். மறுநாள் பதில் வந்தது: "கேம் நல்லாத்தாங்க இருக்கு, எங்க அம்மாதான் ஒத்துக்க மாட்டேங்குறாங்க."

கடைமடை

எங்கள் அப்பாவுக்கு நெரவியில் கொஞ்சம் நிலம். காவிரித் தண்ணீர் ஊரெல்லாம் சுற்றி, மிச்சம் இருந்தால் எங்களுக்கு. பையன் என்ன செய்கிறான் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துப்போய், "சரி, காட்டு பாப்போம்" என்று ஒருநாள் உட்கார்ந்தார். பூதங்கள் வந்தபோது அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பறக்கும் ஆமை வந்தபோதும் இல்லை.

கதாநாயகன் முதல் மதகைத் திறந்தான். தண்ணீர் நீலநீலமாக வாய்க்காலில் ஓடி, கடைசி வயல் வரைக்கும் நொடியில் நிரம்பியது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். நாங்கள் பெருமையாகச் செய்த இடம் அது, பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். "மதகு தொறந்த அன்னைக்கே கடைமடைக்குத் தண்ணி வந்துடுச்சா? சரிதான், இது மாயாஜாலக் கதைதான்."

கட்டிக் கிடந்த படகு

சித்திரை பிறக்கும்வரை மேலே நின்ற விரல்கள்தான் கொஞ்சம் கூட. சித்திரை பிறந்தது, மளமளவென்று பல கீழே திரும்பின. "துறைமுகத்துல கேம் மாட்டிக்கிச்சு." "படகுக்காரன் நகரவே மாட்டேங்குறான், சரி பண்ணுங்க." எத்தனையோ ஊரிலிருந்து ஒரே புகார். சுலைமான் இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் தப்பைத் தேடினான். நான் எல்லாருக்கும் "பார்க்கிறோம், மன்னிக்கவும்" என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

தப்பு எதுவும் இல்லை. சித்திரை, வைகாசியில் மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று எங்கள் கடற்கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. அது தடைக்காலம். கம்ப்யூட்டரில் உள்ள தேதியைப் பார்த்து, அந்த இரண்டு மாதமும் கேமில் உள்ள படகையும் கட்டிப் போட வேண்டும் என்று கலைச்செல்வி ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள். "நம்ம படகுக்கு இன்ஜினே இல்லியே, உள்ள ஒரு குட்டிப் பூதம்தானே சக்கரத்தைச் சுத்துது" என்று அப்போது நான் கேட்டதற்கு, "பூதம் சுத்துனாலும் அது விசைப்படகுதான்" என்று சொல்லிவிட்டாள். அதுவும் சரிதான் என்று சுலைமான் எழுதிவிட்டான். நாங்கள் விளையாடிப் பார்த்தது மார்கழியில், படகு ஜோராக ஓடியது, மூன்று பேரும் விஷயத்தை மறந்தே போனோம்.

ஆட்டக்காரருக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, அதுதான் வேடிக்கை. காரைக்காலில் பிறந்தவனுக்குச் சித்திரையில் படகு ஏன் ஓடவில்லை என்று யாராவது விளக்குவார்களா? நான் விளக்கி எழுதியதைப் படித்துவிட்டு கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கேட்டார்: "சார், பூதத்தோட சண்டை போட வந்தவன்கிட்ட மீன்வளத் துறை ரூல்ஸ் எதுக்கு சார்?"

கலைச்செல்வி மாட்டேன் என்றாள்

ஒரே ஒரு வரியை எடுத்துவிட்டால் படகு ஓடும். பக்ரீத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். சுலைமானுக்கு முகமே சரியில்லை. அவன் தயங்கித் தயங்கி, "கலை, இந்த ஒரு வருஷம் மட்டும் படகை அவுத்து விட்டுடலாமா?" என்று கேட்டான்.

கலைச்செல்வியின் அப்பா கிளிஞ்சல்மேட்டிலிருந்து கடலுக்குப் போகிறவர். அவள் வரைவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். அவள் சாதாரணமாகத் திரும்ப மாட்டாள். "அந்தக் கரையில ஒரு ஊரையே வரஞ்சு வச்சிருக்கேன். மத்த நாள்ல அவங்களுக்குப் பேச நேரம் கெடையாது. தடைக்காலத்துலதான் உக்காந்து பேசுவாங்க. ஆடுறவனுங்க ஒருத்தர்கிட்டயாவது என்ன ஏதுன்னு கேட்டானுங்களா? வந்ததுலேருந்து படகு படகுன்னு அலையிறானுங்க."

குளச்சல்காரர்

கடைசியில் சுலைமான் ஒரு சமாதானம் கண்டுபிடித்தான். படகை அவிழ்க்க வேண்டாம், துறைமுகத்தில் ஒரு பலகை நட்டுவிடலாம். 'தடைக்காலம். படகு போகாது. கரையில் உள்ளவர்களோடு பேசிக்கொண்டிருக்கலாம்.' கலைச்செல்வி பலகையை வரைந்து கொடுத்தாள், மேலே ஒரு காக்காயையும் உட்கார வைத்தாள்.

பலன் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். சிலர் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள், வலை பின்னும் கிழவரின் பொய்க்கதைகளை ஒருவர் வரிவரியாக எழுதியே போட்டிருந்தார். சிலருக்குக் கோபம் இன்னும் கூடியது. மூன்று பேரும் ஒப்புக்கொண்ட ஒரே புகார் குளச்சலில் இருந்து வந்தது. மேற்குக் கரையில் தடை வருவது எங்களுக்கு முடிகிற நேரத்தில்தான். "எங்க பக்கம் இப்ப தடையே இல்ல. உங்க ஊரு தடைக்கு என் படகை எதுக்குக் கட்டிப் போட்டிருக்கீங்க?"

நானா வந்தார்

பக்ரீத்துக்கு மறுநாள் சுலைமான் வீட்டில் எங்களுக்கு விருந்து. பிரியாணி, வட்டலப்பம் எல்லாம் ஆனபிறகு நானா செல்போனை எடுத்து, எங்கள் கேமைப் பற்றி ஊரார் எழுதியதையெல்லாம் படித்தார். "பாதிப் பேரு ஆகா ஓகோங்குறான், பாதிப் பேரு ஏமாத்திட்டானுங்கங்குறான். இத நம்பி எப்படி உன்னைய விட்டுட்டுப் போறது? சரி, போடு, நானே பாக்குறேன்." டிவியில் மாட்டிக் கொடுத்தோம். நல்லாத்தான் ஆடினார். கிணற்றடியில் சேமித்தார், ஆமையை விரட்டினார், மதகைத் திறந்தார். நேராகத் துறைமுகத்துக்கு வந்து பலகையைப் பார்த்தார். "போச்சுடா, நானும் இங்க வந்து மாட்டிக்கிட்டேனா?" சுலைமான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நானா பொறுமைசாலி. பலகையில் சொன்னபடி ஒவ்வொருவராகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போனார். கரையின் கோடியில் புருஷன் வலை பின்ன, பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். நானா அவளிடம் படகு கேட்டார். அவள் சொன்னதை வாய்விட்டே படித்தார்: "படகு கேட்டு வராதீங்க தம்பி. இந்த ரெண்டு மாசந்தான் இந்த ஆளு எனக்கு. மிச்ச நாளெல்லாம் கடலுக்கு."

அடுத்த வசனத்துக்குப் போகாமல் நானா அதையே இன்னொரு தடவை படித்தார். அவருக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒருதடவைதான் ஊர், அதுவும் ஒரு மாசம். அடுக்களை வாசலில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மனைவி நின்றார். கலைச்செல்வி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காலித் தட்டைப் பார்த்தாள். நானாவே சிரித்துப் பேச்சை மாற்றப் பார்த்தார், "துபாய்க்கும் இப்படி ஒரு தடைக்காலம் போடச் சொல்லணும்டா" என்றார். நாங்களும் சிரித்தோம். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் முன்னால் அதிகம் பேசாதவர், அன்றைக்குச் சுலைமானைக் காட்டி நிதானமாகச் சொன்னார்: "வீட்டுக்கு ஒரு ஆளு போனது போதுங்க. இவரு இங்கயே இருக்கட்டும்."

ஒரு கட்டைவிரல்

சுலைமானுக்கென்று வைத்திருந்த விசாவில் நெடுங்காட்டுக்காரர் ஒருவர் போனார். நானா லீவு முடிந்து கிளம்பியபோதும் தடைக்காலம் முடியவில்லை. அவர் போன மறுவாரம் கிளிஞ்சல்மேட்டில் படகெல்லாம் கடலுக்குப் போனது, எங்கள் கேமிலும் குட்டிப் பூதம் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தது. கீழே இருந்த விரல்களில் சில மேலே திரும்பின. பட்டம் மட்டும் மாறவில்லை, இன்றைக்கும் 'கலவை'தான். சுலைமான் சீட்டியடித்துக்கொண்டு வேலைக்கு வருகிறான், எனக்கு அது போதும்.

ஒருநாள் காலையில் துபாயிலிருந்து புதிதாக ஒரு விரல் வந்திருந்தது. கீழே பார்த்த விரல். பேரைப் பார்த்துவிட்டுச் சுலைமானையும் கலைச்செல்வியையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். முதலில் சிரித்தோம், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. நானா எழுதியிருந்தது இவ்வளவுதான்: "கேம் நல்லா இருக்கு. ஆனா நான் ஊர்ல இருந்த வரைக்கும் படகைக் கட்டி வச்சிருந்துட்டு, நான் இங்க வந்த பிறகு அவுத்து விட்டிருக்கீங்க. அந்தப் பொண்ணு கரையில தனியா உக்காந்திருக்கு. திரும்பவும் கட்டுங்க."

பத்து மாசம் பாராட்டும் இரண்டு மாசம் திட்டும் வாங்குவது கரையில் உட்கார்ந்து பதில் எழுதிப் பிழைக்கிறவனுக்கு அப்படியொன்றும் மோசமான வருஷம் இல்லை.