தாமோதரனின் வலது கை

தாமோதரனின் வலது கையைக் கோட்டைக்குப்பத்தில் எல்லோரும் அறிவார்கள். வலை இழுக்கும்போது அது இரண்டு ஆளுக்குச் சமம். அவன் மனைவி இந்திராணியின் முன்பற்கள் போனதும் ஒரு காது மந்தமானதும் அதே கையால்தான். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்தே அடி. மீன் விலை இறங்கினால் அடி, குழம்பில் உப்பு ஏறினால் அடி, ஒன்றுமே நடக்காத நாளில் குடித்துவிட்டு வந்து அடி.

ஒரு காலையில் அந்தக் கை விழுந்துவிட்டது. கடலை ஒட்டிய ஏரியில் வலையை இழுத்துக்கொண்டிருந்தவன் வாய் கோணிப் படகுக்குள்ளேயே சாய்ந்தான். கூட இருந்த மகன் மனோஜ்தான் கரை சேர்த்தான். பொன்னேரியில் பார்த்துவிட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். உயிர் தங்கியது. வலது பக்கமும் பேச்சும் போயின.

வீட்டுக்கு வந்த பிறகு இடது கை வேலையைத் தொடங்கியது. கஞ்சி கொண்டுபோனால் கிண்ணத்தைத் தட்டிவிடும். துணி மாற்றக் குனிந்தால் இந்திராணியின் முடியைப் பிடித்து இழுக்கும். வாயால் திட்ட முடியாததையெல்லாம் அந்தக் கையால் திட்டினான்.

பயிற்சி கொடுக்கப் பொன்னேரியிலிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்தாள் ஜாக்குலின் என்ற பிசியோ பெண். ஒரு நாள் அவன் காலை அவள் மடக்கி நீட்டும்போது அவள் முகத்திலேயே குத்திவிட்டான். கண்ணாடி நொறுங்கிப் புருவம் கிழிந்தது.

"இனிமே நான் வர மாட்டேன்க்கா," என்றாள், ரத்தத்தைத் துப்பட்டாவால் அழுத்தியபடி. "நான் காட்டிக் குடுத்தத நீங்களே செய்ங்க. வுட்டுட்டா அந்தக் கை கட்டையாயிடும்."

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து கதவைச் சாத்தினாள் இந்திராணி. கட்டிலருகே போய் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

"இது அந்தப் பொண்ணுக்கு."

இன்னொன்று விட்டாள். "இது எனக்கு."

அவன் கண் இமைக்காமல் பார்த்தான். அவளுடைய உள்ளங்கை எரிந்தது. வருத்தம் வருமென்று காத்திருந்தாள், வரவில்லை. பிறகு எண்ணெயைச் சூடு பண்ணி எடுத்து வந்து, தன் பல்லை உடைத்த கையை மடியில் வைத்து நீவத் தொடங்கினாள். பாசம் என்று யாராவது சொல்லியிருந்தால் அவளுக்குக் கோபம் வந்திருக்கும். இவன் எழுந்திருக்காவிட்டால் சாகிறவரை தூக்கிச் சுமக்க வேண்டியது அவள்தானே.

மருந்து, டயப்பர், சென்னைக்குப் போகிற வண்டி. அவள் கம்மல் போயிற்று, பெரிய வலை போயிற்று. முழங்கால் சேற்றில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடித்தாள். மனோஜ் கடலுக்குப் போய்க் கொண்டுவந்ததும் அந்தக் கட்டிலுக்கே போனது. அவன் முகம் நாளுக்கு நாள் கறுத்தது.

ஒரு மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் மனோஜ் இரண்டு பேரோடு வந்து, விற்பதற்காகப் படகு இன்ஜினைக் கழற்ற ஆரம்பித்தான். கதவு வழியே பார்த்த தாமோதரன் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தான். மணலில் உடம்பை இழுத்துக்கொண்டே போய் மகனின் காலைப் பிடித்துக் கடித்தான்.

"வுடு நைனா! வுடுய்யா!"

பல் இறங்கியது. மனோஜ் உதறி எட்டி உதைத்தான். ஒன்றோடு நிற்கவில்லை. விலாவில், தோளில், வாயில். "எங்கம்மாவ எப்டியெல்லாம் அடிச்ச! என்ன எப்டி அடிச்ச! இப்ப கடி பாக்கலாம்!" என்று கத்திக்கொண்டே குனிந்து குரல்வளையைப் பிடித்தான். வந்த ஆட்கள் இழுத்தும் பிடி விடவில்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்த இந்திராணி படகில் கிடந்த துடுப்பை எடுத்து மகனின் முன்கையில் இறக்கினாள். எலும்பு முறிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"உனக்காவத்தானம்மா அடிச்சேன்!" கையைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்து அலறினான் மனோஜ்.

"எனக்காவ நீ ஒண்ணும் அடிக்கத் தேவல. உன் மூஞ்சியப் போய்ப் பாருடா! அதே மூஞ்சி!"

கட்டுப் போட்ட கையோடு அவன் காட்டூரில் ஒரு சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டான். கடலுக்குப் போக ஆளில்லை என்றானதும் இன்ஜினை அவளே விற்றாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் எண்ணெய் நீவும்போது, செத்துக் கிடந்த விரல்கள் சட்டென்று மடங்கி அவள் மணிக்கட்டைப் பற்றின. அடுத்த கணம் அவள் சுவரோடு ஒட்டி, முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். எப்படி அங்கே போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தாமோதரன் அதைப் பார்த்தான். வாய் கோண அழுதான்.

"அழுவலாம் வேணாய்யா," என்றாள், மூச்சு வாங்க. "கை வந்தா சோறு தின்னு. எம்மேல ஓங்கின, ரெண்டு கையும் சேத்துக் கட்டிப்போட்டுருவேன்."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். விட்ட இடத்திலிருந்து அந்தக் கையை நீவினாள்.

இப்போது அவன் கோல் ஊன்றி ஏரிக்கரை வரை போகிறான். தம்ளரைப் பிடிக்கிறான், வலையைப் பிடிக்க முடியாது. மனோஜ் வேறொருவர் படகில் கூலிக்குப் போகிறான். மாத்திரை வாங்கி வந்து வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போய்விடுவான். போன வாரம் மட்டும் நின்றான்.

"சாப்ட்டாரா?"

"உள்ளதான் கீறாரு. நீயே போய்க் கேளு," என்றாள் இந்திராணி.

மாத்திரையைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவன் வாசலில் செருப்பைக் கழற்றினான்.