மாணிக்கம் அண்ணனின் ஐந்தாவது கேள்வி

செய்தி ஆங்கிலத்தில்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை, பாரோயில் என் வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஞாயிறு வாசிப்பு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி. மாணிக்கம் அங்கிள் இன்று அதிகாலை தூக்கத்திலேயே காலமாகிவிட்டார் என்று அவருடைய பக்கத்து வீட்டுச் சீனர் அண்ணனின் போனிலிருந்து போட்டிருந்தார்.

படித்த உடனே அழுதேன் என்று எழுதினால் அது பொய். பதினாலு வருடப் பழக்கம், முதலில் கேள்விகள்தான் வந்தன. இதை எழுதியது யார்? பக்கத்து வீட்டுக்காரர். யாருக்கு? எங்களுக்கு. என்ன சொல்கிறது? அண்ணன் போய்விட்டார் என்கிறது. நாம் என்ன செய்ய வேண்டும்? அந்த நாலாவது கேள்விக்கு விடை தெரியாமல் ஈரத்துணியோடு படியில் உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு கேள்வி இருக்கிறது. ஐந்தாவது. அதற்குத்தான் நான் இன்றைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இன்று அவருடைய கருமக்கிரியை. அவர் வகுப்பு நடத்திய இதே கோயில் மண்டபத்தில் வாசிக்கத்தான் இதை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாணிக்கம் அண்ணன் வாத்தியார் இல்லை. லுக்குட்டில் ஒரு டயர் பட்டறையில் ஸ்டோர் பார்த்தவர். மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றுவிட்டது. பெட்டிகளில் ஒட்டியிருக்கும் தாளையும் மோட்டார் சாமான்களோடு வரும் புத்தகத்தையும் படித்துப் படித்தே ஆங்கிலம் கற்றுக்கொண்டார். கறுப்புப் பிடித்த விரலை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்துத்தான், படிக்க முடிந்த வரைக்கும் படித்தார்.

அவர் பிறந்தது இந்தக் கோயிலைச் சுற்றி அப்போது இருந்த தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அவருக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது தோட்டம் கை மாறியது. ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்தது. அவருடைய அப்பாவுக்குத் தமிழே தட்டுத்தடுமாறித்தான். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிதான் தோட்டத்துக்கே படித்துச் சொல்பவர். கிராணி தாளைப் பார்த்தார், எதிரே நின்ற ஆளைப் பார்த்தார். "வீடு விஷயமா எழுதியிருக்கான் பெரியவரே. பாத்து செய்வாங்களாம், பயப்படாதீங்க" என்றார். அப்பா கைநாட்டு வைத்துவிட்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் வாழைக்கன்று நட்டார். மாதக் கடைசியில் சாமான் ஏற்ற லாரி வந்து நின்றது. தாளில் இருந்தது, வீட்டைக் காலி செய்ய வேண்டிய தேதி.

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அண்ணன் ஒன்றைச் சேர்த்துச் சொல்வார். "கிராணி கெட்டவர் இல்ல. எங்கப்பா மனசு ஒடிஞ்சுடக் கூடாதுன்னு மாத்திப் படிச்சாரு. அதான் எனக்கு ஆத்திரம். கெட்டவன் படிச்சிருந்தா நாம சந்தேகமாவது பட்டிருப்போம். இரக்கப்பட்டுப் படிக்கிறதும் திருட்டுதான்." இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன், கணக்கில்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டிருக்கிறேன்.

நான் வகுப்புக்கு வந்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. அண்ணன் என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். செனவாங்கில் எலக்ட்ரானிக் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஆங்கிலத் தாளைக் கண்டால் மடித்து ஒளித்து வைத்துவிடுவேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு இந்த மண்டபத்தில் பாய் விரித்து எட்டுப் பத்துப் பெண்கள், இரண்டு மூன்று ஆண்கள் உட்கார்ந்திருப்போம். எல்லாரும் பிள்ளை பெற்றவர்கள்.

புத்தகம் கிடையாது. அந்த வாரம் வீட்டுக்கு வந்த ஆங்கிலத் தாள் எதுவானாலும் கொண்டுவர வேண்டும். மருந்துப் பொட்டலம், கரண்டு பில், காஸ் சிலிண்டரில் ஒட்டியிருந்த எச்சரிக்கை, கிளினிக் சீட்டு. அதைப் பார்த்து அவர் எளிய ஆங்கிலத்தில் ஐந்தாறு வரிக்குச் சின்னப் பத்தியாக எழுதுவார். அடியில் ஐந்து கேள்வி. யார் எழுதியது, யாருக்கு எழுதியது, என்ன சொல்கிறது, நாம் என்ன செய்ய வேண்டும். ஐந்தாவது எப்போதும் ஒன்றுதான்: இதில் சொல்லாமல் விட்டது என்ன?

புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் முதலில் அவரே ஒரு சின்னக் கதை எழுதிக் கொடுப்பார். என்னுடையது மீன் லாரியைப் பற்றியது. செவ்வாய்க்கிழமை மீன் லாரி வருகிறது, ராணி இரண்டு மீன் வாங்குகிறாள், அவ்வளவுதான். ராணி என்ன வாங்கினாள் என்பது கேள்வி. நான், ராணியின் நாத்தனார் வந்திருப்பதால் இரண்டு மீன் வாங்கினாள் என்று எழுதி வைத்தேன்.

"நாத்தனார் எங்க வந்தாங்க தங்கச்சி?" என்றார்.

"போடல. ஆனா நாத்தனார் வராம எதுக்குண்ணே ரெண்டு மீனு?"

பாயில் இருந்தவர்கள் உருண்டு சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு சொன்னார்: "உங்க வீட்டுக் கதைய ராணி தலையில கட்டாதீங்க. பத்தியில என்ன இருக்கோ அத மட்டும் சொல்லுங்க. கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்." அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. பெரிய இவர் என்று நினைத்துக்கொண்டேன்.

அஞ்சலை அக்கா ஒரு கடிதம் கொண்டுவந்த ஞாயிறு நினைவிருக்கிறது. இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், மறந்திருக்க மாட்டார். மூன்று மாதமாக முருகன் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்த கடிதம். வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று அவராகவே முடிவுகட்டி, ஒருவரிடமும் காட்டாமல், சோறு இறங்காமல் இளைத்துப் போயிருந்தார். அண்ணன் அதைத் தான் படிக்கவில்லை. அக்காவின் விரலைப் பிடித்து வரியின் கீழ் வைத்து, "நீங்களே படிங்க" என்றார். அரை மணி நேரம் ஆனது. குழாய் மாற்றுவதால் ஒரு நாள் தண்ணீர் வராது என்ற அறிவிப்பு அது. அந்த ஒரு நாளும் எப்போதோ போய்விட்டது. அக்கா சிரிக்க ஆரம்பித்து அழுது முடித்தார். அன்றைக்குத்தான் இந்த மனிதர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு நான் ஒரு ஞாயிறும் தவறவில்லை. சில வருடத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு நானே பத்தி எழுதிக் கொடுக்கும் அளவுக்கு வந்தேன். "சாந்தா படிச்சா நான் படிச்ச மாதிரி லா" என்று மற்றவர்களிடம் சொல்வார். அதைக் கேட்டு நான் பூரித்துப் போவேன்.

அவரும் ஒரு தவறு செய்தார். நாலு வருடத்துக்கு முன்பு அண்ணி ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஞாயிறு காலை, "ரெண்டு மணி நேரத்துல வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு வந்தார். அந்த இரண்டு மணி நேரத்தில் அண்ணியின் உயிர் போய்விட்டது. மகள் கௌரி மட்டும்தான் பக்கத்தில் இருந்தாள். காரியம் முடிந்த அன்று, "அம்மாவைவிட ஊர்க்காரங்க தாளுதான் முக்கியமாப் போச்சு இல்ல?" என்று கேட்டுவிட்டு ஜோகூருக்குப் போனவள் அப்பாவோடு பேசவில்லை. அவரும் கூப்பிடவில்லை. வீம்பு இல்லை, வெட்கம். கூப்பிட்டு என்னத்தைச் சொல்வது என்பார். அவள் நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். சட்டை மாறும்போது தாளும் அடுத்த பைக்கு மாறும்.

போன வருடக் கடைசியில் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது காலை இழுத்துக்கொண்டது. அதோடு விடவில்லை, படிப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பேச்சு இருந்தது, பார்வை இருந்தது. கை எழுதும். எழுதியதை அவராலேயே படிக்க முடியாது. "எழுத்துன்னு தெரியுது சாந்தா, என்ன எழுத்துன்னு தெரியல" என்றார். ஊரில் எவ்வளவோ பேர் இருக்க, இவரிடம் வந்து அதைத்தானா பிடுங்க வேண்டும்? சாமியிடம் நான் இன்னும் சண்டை பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் ஞாயிறு தவறாமல் வந்தார். நாங்கள் சத்தமாகப் படிப்போம், அவர் காதால் கேட்டுக் கேள்வி கேட்பார்.

அவர் போவதற்குப் பதினோரு நாள் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம், என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். ஆஸ்பத்திரியில், பக்கத்துக் கிளினிக்கில் காட்டச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்திருந்தார்கள். டாக்டர் விளக்கமாகத்தான் பேசியிருக்கிறார். குடும்பத்தில் யாரையாவது கூட்டி வரவும் சொல்லியிருக்கிறார். தனியாகப் போனவர் பாதியைத்தான் காதில் வாங்கிக்கொண்டார்.

"படி சாந்தா. சங்கதி மோசமா இருந்தா இப்பவே கௌரிக்குப் போன் போடுறேன். வெட்கத்தப் பாக்க நேரமில்ல. நாள் இருக்குதுன்னா தீபாவளிக்கு இந்தக் கால சரி பண்ணிக்கிட்டு, நானே பஸ் ஏறி அவ வாசல்ல போய் நிப்பேன்."

கடிதம் அரைப்பக்கம்தான். இருதயம் மிகவும் பலவீனமாகிவிட்டது என்று இருந்தது. அறுவைச் சிகிச்சையைத் தாங்க மாட்டார் என்று இருந்தது. கடைசி வரியில், தாமதிக்காமல் குடும்பத்தாரை அழைத்துப் பேசுவது நல்லது என்று இருந்தது. ஒரு சொல்லுக்குக்கூட நான் அகராதி பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் கற்றுக்கொடுத்த படிப்பு, பளிச்சென்று புரிந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். கையில் பேனாவும் கடித உறையுமாக, பரீட்சைக்கு உட்கார்ந்தவர் மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருதயம் கொஞ்சம் வீக்காம்ண்ணே. மருந்த விடாம சாப்பிடணுமாம். மூணு மாசம் கழிச்சு வரச் சொல்றாங்க" என்றேன்.

அவர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். யார் எழுதியது? யாருக்கு? என்ன சொல்கிறது? நாம் என்ன செய்யணும்? நான் சொல்லச் சொல்ல, உறையின் பின்பக்கம் எண் போட்டு எழுதிக்கொண்டே வந்தார். ஐந்தாவதுக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினார்.

"சொல்லாம விட்டது ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணும் இல்லண்ணே."

"பத்தியில இல்லையா, நீ சொல்லலையா?"

"பத்தியில இல்லண்ணே."

"அப்ப சரி. நீ படிச்சா சரிதான். தீபாவளிக்கே பாத்துக்கலாம்" என்றார். அவர் முகம் தெளிந்தது. உறையை என்னிடம் கொடுத்து, "இத வச்சிரு. ஒரு ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரிக் கடுதாசின்னு பத்தி பண்ணலாம், எல்லாருக்கும் உதவும்" என்றார். கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான் கிளம்புவதற்குள் அந்த வலது காலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்யத் தொடங்கியதை நானே பார்த்தேன்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் நாளைக்கு என்றுதான் நினைத்தேன். நானாவது கௌரியைக் கூப்பிட்டிருக்கலாம், நம்பர் என் போனிலும் இருந்தது. அப்பன் மகள் விஷயத்தில் நான் யார் நுழைய என்று ஒரு சாக்கு. நடுவில் வந்த இரண்டு ஞாயிறுகளில் ஒன்றில், வகுப்பில் அவருக்கு எதிரேயே உட்கார்ந்து, கூட்டாமல் குறைக்காமல் படியுங்கள் என்று ஒரு புதுப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தேன். என்ன ஜென்மம் நான்.

தகனம் முடிந்த மறுநாள் கௌரி வீட்டைக் கூட்டும்போது தலையணைக்கு அடியில் கடிதத்தை எடுத்தாள். அவள் கல்லூரி படித்தவள், ஒரே பார்வையில் படித்துவிட்டாள். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அப்பாவால் படிக்க முடியாமல் போனது அவளுக்குத் தெரியாது. என்னிடம் வந்து நீட்டினாள்.

"ஆன்ட்டி, அப்பாவுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. குடும்பத்தக் கூப்பிடுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அப்பவும் என்னைக் கூப்பிட அவருக்கு மனசு வரல, இல்ல?"

அடுப்பில் ஏதோ வைத்த மாதிரி எழுந்து போய்விட்டேன். இரண்டு வாரமாக அவள் அந்த நினைப்போடுதான் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். அப்பா சாகும்போதும் தன்னை வேண்டாம் என்றார் என்ற நினைப்போடு. அதற்கும் நான்தான் காரணம்.

கௌரி, எல்லார் முன்னாலும் சொல்கிறேன். உன் அப்பாவுக்குத் தெரியாது. அந்தக் கடைசி வரியை நான் அவருக்குப் படிக்கவில்லை. படித்திருந்தால் அந்த நிமிடமே உன்னைக் கூப்பிட்டிருப்பார். உன் நம்பர் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது, கடைசியாகப் போட்ட சட்டையிலும் இருக்கும், தேடிப் பார். பதினோரு நாள் இருந்தது உங்கள் இருவருக்கும். அதை எடுத்துக்கொண்டது நான். கிராணியாவது முன்பின் தெரியாதவர் வீட்டுத் தாளை மாற்றிப் படித்தார். நான் எனக்குப் படிப்பு கொடுத்தவரிடம் செய்தேன். மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன். நீ மன்னித்தாலும் அந்த நாட்கள் வராது.

உறையை இதோ அவர் படத்துக்கு முன்னால் வைக்கிறேன். ஒன்றிலிருந்து நாலு வரைக்கும் என் பொய், அவருடைய கையெழுத்தில். ஐந்து என்று எண் போட்டு, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறார்.

அண்ணே, விட்டதைப் படிச்சிட்டேன். கூட்டல, கொறைக்கல. கேக்கத்தான் நீங்க இல்ல. போயிட்டு வாங்கண்ணே.