பேய்ப்படத்தில் அக்காவின் அழுகை

சினிமாவில் பிழை பிடிப்பது எனக்குப் பழைய பொழுதுபோக்கு. பாதி குடித்த தேநீர் அடுத்த நொடியில் கோப்பை நிறைய இருந்தால் முதலில் சத்தம் போடுபவன் நான்தான். வீட்டில் எல்லாருக்கும் எரிச்சல் வரும். அக்கா மட்டும் சிரிப்பாள்.

பூனாகலைப் பக்கம் அவள் கொழுந்து பறிக்கும் தோட்டத்துக்கு, பேய் நகைச்சுவைப் படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். குளவி கொட்டிச் செத்தவள் பேயாக வந்து தோட்டத்துத் துரையை விரட்டுகிற கதை. பிணத்தருகே உட்கார்ந்து அழ அக்காவைப் பிடித்தார்கள். எங்கள் அம்மாவும் குளவி கொட்டித்தான் இறந்தார். அன்று அடுத்த தேயிலை நிரையில் நின்று பறித்தவள் அக்கா. தூறலில் நனைந்துகொண்டே அவள் அழுத அழுகையில் படக்காரர்களே பேச்சடங்கிப் போனார்களாம்.

படம் பதுளைக் கொட்டகைக்கு வந்தது. புடவைக்கடை வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு அக்காவைக் கூட்டிப் போனேன்.

பேய்க்கு நிழல் விழாது என்று படத்தில் பூசாரி சொல்லி வாய் மூடவில்லை, அவர் பின்னால் நின்ற பேயின் நிழல் சுவரில் நீளமாக விழுந்தது. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டாமல் கைப்பை போலத் தோளில் தொங்கவிட்டிருந்தது பேய். பறித்ததெல்லாம் முற்றல் இலை.

"இதக் கொண்டு போனா கொழுந்து நிறுக்கிற கணக்கப்புள்ள மூஞ்சியிலயே எறிவாரு," என்றாள் அக்கா. இருவரும் சிரித்தோம்.

சாவுக் காட்சி வந்தது. அதில் அக்கா இல்லை.

பிறகு, பேய்க்குப் பயந்து ஓடிய கதாநாயகனின் கூட்டாளி வேட்டி அவிழ்ந்து மலக்குழியில் விழுந்தான். உடனே திரை நிறைய அக்காவின் முகம். அவனைப் பார்த்து அவள் கதறுவது போல ஒட்டியிருந்தார்கள். அவனைச் சுற்றிச் சுள்ளென்று வெயில். அவள் தலைமயிரில் மழைநீர் சொட்டியது. பின்னணியில் வாத்து கத்துகிற மாதிரி ஓர் இசை. கொட்டகை முழுக்கச் சிரித்தது.

அம்மாவின் சாவைத் தோண்டியெடுத்து அந்தக் குழிக்குள் போட்டுவிட்டார்கள்.

"அது அந்த எடமில்லையே தம்பி," என்றாள் அக்கா மெதுவாக. "அம்மாவ நெனச்சுல்ல அழுதேன்."

வெளியே போய்க் கொட்டகை மேனேஜரைப் பிடித்தேன்.

"படத்த நாங்களாங்க எடுத்தோம்? சனம் சிரிக்குது, ஒங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றார், பல் குத்திக்கொண்டே.

திரும்பி வந்து, "எந்திரி, போவோம்," என்று அக்காவின் கையைப் பிடித்தேன்.

"இரு. அந்தப் பொணத்துகிட்ட நான் இருந்தத ஒரு தடவயாச்சும் காட்டுவானுங்க."

கடைசி எழுத்து ஓடி விளக்குப் போடும்வரை உட்கார்ந்திருந்தாள். காட்டவில்லை.

சில மாதம் கழித்து, அந்தப் படத்துக்கு அக்காவைப் பிடித்துக் கொடுத்த தரகர் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். வேறு படமாம். "அக்கா, நீங்க நல்லா அழுவீங்க," என்றார் இளித்துக்கொண்டு. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"வேற ஆளப் பாருங்க," என்று சொல்லிவிட்டு, அக்கா அவர் முன்னாலேயே கதவைச் சாத்தினாள்.