சந்தனம் அப்பிய நம்பர்

மகன் தன் காருக்குப் புது நம்பர் பிளேட் மாட்டிக்கொண்டு வந்தான். எழுத்தெல்லாம் புடைத்துக்கொண்டு நிற்கிறது. மருமகள் சந்தனக் கிண்ணத்தை நீட்டி, "பொட்டு வைங்க அத்தை" என்றாள். அந்த வாசனையில் என் கை அப்படியே நின்றுவிட்டது.

எனக்குப் படிப்பு அதிகமில்லை. ஆனால் அப்பா ஓட்டிய ரைஸ் மில் லாரியின் நம்பரைப் பள்ளிக்கூடம் போகும் முன்பே கடகடவென்று சொல்வேன். தகரத்தில் பெயிண்டர் கையால் எழுதிய நம்பர் அது. மில்லுக்கு இரண்டு லாரிகள். ஒன்றாக வாங்கியவை என்பதால் கடைசி எண் மட்டும்தான் வேறு. மற்றதைக் கூத்தாநல்லூர் பாய் ஓட்டினார். அதற்கு யாரும் பொட்டு வைப்பதில்லை. எங்கள் லாரியின் நம்பரில் வெள்ளிக்கிழமைதோறும் அம்மா சந்தனத்தை அப்பிவிடுவாள்.

"பொட்டு எனக்கா, வண்டிக்கா?" என்பார் அப்பா.

"உங்களுக்கு வெச்சா தொடச்சிடுவீங்க."

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சைக்கிளில் ஒருவர் வந்தார். மில் லாரி வெண்ணாற்றுக் கரையில் உருண்டுவிட்டது, டிரைவர் பிழைக்கவில்லை என்றார். எந்த டிரைவர் என்று அவருக்குத் தெரியவில்லை.

"நம்பர் பாத்தீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"பாத்தேங்க. கடைசி நம்பர்தான் தெரியல. மேல சந்தனம் அப்பியிருந்துச்சு."

அம்மா உள்ளே போய், கொதித்துக்கொண்டிருந்த உலையை இறக்கி வைத்தாள்.

"அத்தை" என்று மருமகள் மறுபடி கூப்பிட்டாள். கார் கண்ணாடியில் பொட்டு வைத்தேன்.

"நம்பர்ல வைக்கலையா?"

"நம்பர் நல்லாத் தெரியட்டும்மா" என்றேன்.