தோக்சூவின் கீழுதடு

கிம்ச்சி ஊறுகாய் ஜாடியின் மூடி இறுகிப்போனால் பியோ தோக்சூ கீழுதட்டைக் கடித்துக்கொண்டுதான் திறப்பான். மகளுக்கு நகம் வெட்டும்போதும் அப்படித்தான். குறுகலான சந்தில் காரைப் பின்னால் எடுக்கும்போதும், ஊசியில் நூல் கோக்கும்போதும் மேல்பல் இரண்டும் கீழுதட்டில் பதிந்திருக்கும். விரலுக்கு நுணுக்கமான வேலை வந்தால் உதட்டுக்கும் வேலை வந்துவிடும். பதினோரு வருஷக் குடித்தனத்தில் அவன் மனைவி மியோங்ஹீ இதை ஆயிரம் தடவையாவது பார்த்திருப்பாள். ஒன்றும் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது? புருஷன் உதட்டைக் கடிப்பது ஒரு குற்றமா?

ஆனால் தோக்சூவின் பிழைப்பே விரலில் இருந்தது. உல்சான் திமிங்கிலங்கள் பேஸ்பால் அணிக்குப் பன்னிரண்டு வருஷமாகப் பந்து வீசியவன் அவன். அவனிடம் இருந்தவை இரண்டே பந்துகள். ஒன்று நேர்பந்து. இன்னொன்று விழுபந்து. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே பந்தைச் செருகி வீசுவான். அது நேர்பந்து போலவே வரும். மட்டைக்கு ஒரு முழம் இருக்கும்போது காலை வாரிவிட்டது போலக் கீழே சரியும். இரண்டில் எது வருகிறது என்று தெரியாதவரை அடிக்க வந்தவன் தொலைந்தான். அதனால் கையுறைக்குள் கையை மறைத்துக்கொண்டுதான் பந்தைச் செருகுவான். கையை நன்றாகத்தான் மறைத்தான்.

தொலைக்காட்சிக் காமிரா எப்போதும் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. மைதானத்தில் நிற்கும் சக ஆட்டக்காரர்களும் முதுகைத்தான் பார்த்தார்கள். அவன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தவர்கள் மூன்று பேர்: மட்டையோடு நிற்கும் எதிராளி, குத்துக்காலிட்டுப் பந்து பிடிக்கும் சொந்த அணிக்காரன், அவனுக்குப் பின்னால் நிற்கும் நடுவர். எதிராளி சொல்லமாட்டான். நடுவர் சொல்லக்கூடாது. மிச்சம் ஒருவன்.

அந்த ஒருவன் பெயர் தக் இன்ஹோ. தோக்சூவைவிட ஒன்பது வயது சின்னவன்.

தோக்சூவின் அப்பா கப்பல் பட்டறையில் வெல்டர். "கை வலிச்சா இன்னும் பத்து நிமிஷம் செய், வலிக்கே அலுத்துப் போயிடும்" என்பார். மகன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். இருபத்தேழு வயதில் ஒரே பருவத்தில் பதினான்கு ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தான். உல்சான் சந்தையில் மீன் விற்கிற பெண்கள்கூட அவன் பெயர் தைத்த சட்டை போட்டிருந்தார்கள். முப்பதைத் தாண்டியதும் அடி விழ ஆரம்பித்தது. விழுபந்துக்கு எவனும் மட்டையை அசைப்பதில்லை. நேர்பந்து வந்தால் காத்திருந்தவன் போல அடிக்கிறான். தோக்சூவுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். நூறு பந்து வீசிப் பழகியவன் இருநூறு வீசினான். அடுத்த வருஷம் தோள் வீங்கியது. ஐஸ் கட்டிக்கொண்டு வீசினான். இன்னும் அடித்தார்கள்.

முப்பத்து மூன்று வயதில் அவன்தான் அந்த அணியிலேயே மூத்தவன். அவன் வயதுக்காரர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்று, ஒருவன் கோழிக்கடை வைத்தான், ஒருவன் காப்பீடு விற்கப் போனான். மிஞ்சியவர்கள் எல்லாரும் அவனுக்கு "அண்ணே" போடுகிறவர்கள். அண்ணன் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த பிறகு உட்காருவார்கள். அண்ணன் சிரித்தால் சிரிப்பார்கள். தோற்ற நாட்களில் அண்ணன் சிரிப்பதில்லை. அதனால் அந்த இரண்டு வருஷம் யாருமே அதிகம் சிரிக்கவில்லை.

ஒரு ஏப்ரல் மதியம் பயிற்சிக்கு நடுவே இன்ஹோ துணிந்து வந்தான்.

"அண்ணே, ஒண்ணு சொல்லலாமா?"

"பந்து எத்தனை?"

"நூத்தி அறுபது ஆச்சு. அது இல்லண்ணே. நீங்க விழுபந்து போடும்போது..."

"நீ பிடிக்கிற வேலையைப் பாரு. சொல்றதுக்கு ஆளு இருக்கு."

"சரிங்கண்ணே."

அதோடு சரி. மே மாதம் ஒரே சுற்றில் ஏழு ஓட்டம் கொடுத்துவிட்டு, ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டுக்கு வந்த தோக்சூ, கையுறையைக் கழற்றி எறிந்தான். இருபது பேர் முன்னால் இன்ஹோவை எழுந்து நிற்கச் சொன்னான்.

"பந்து வர்றதுக்கு முன்னாடியே நீ அது விழப்போற பக்கம் போய் உக்காந்துக்கறே. அடிக்கிறவன் திரும்பிப் பாத்தா தெரியாதா? என் பந்து வெளியே தெரியுதுன்னா அது உன்னாலதான்டா."

இன்ஹோ தொப்பியைக் கழற்றி இடுப்புவரை குனிந்தான். "என் தப்புதாண்ணே. மன்னிச்சிடுங்க."

பயிற்சியாளர் காதிலும் அது விழுந்தது. மூத்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அடுத்த வாரம் இன்ஹோவை இரண்டாம் அணிக்கு இறக்கினார்கள். அதற்குப் பிறகும் தோக்சூ அடி வாங்கினான்.

ஜூன் கடைசியில் ஒரு திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். காப்பி கொடுத்தார்கள். காப்பி கொடுத்தபோதே அவனுக்குப் புரிந்துவிட்டது. ஜோன்ஜு கொக்குகள் அணிக்கு அவனைக் கொடுத்து, அங்கிருந்து பேர் தெரியாத இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவனை வாங்கியிருக்கிறார்கள். அன்றே சாமானைக் கட்டி மூன்றரை மணி நேரம் காரோட்டி மேற்கே போனான். வழியில் மியோங்ஹீ போன் செய்தாள்.

"ஏங்க, அங்க சாப்பாடு நல்லா இருக்குமாம்ல."

"திங்கறதுக்கா போறேன்?"

"அது இல்லாம வேற என்ன நல்லது சொல்றது நான்?"

ஜோன்ஜு பயிற்சியாளர் சுற்றி வளைக்கவில்லை. "ஆகஸ்ட் முடியிறவரைக்கும் பாப்போம். தேறினா அடுத்த வருஷமும் இருக்கலாம். இல்லைன்னா ஒப்பந்தம் முடிஞ்சுது. நீயும் பெரியவன், உனக்குத் தெரியும்." ஒப்பந்தம் முடிந்த முப்பத்து மூன்று வயதுக்காரனை வேறெந்த அணியும் தொடாது. தோக்சூ குனிந்து வணங்கிவிட்டு வந்தான். உடைமாற்றும் அறையில், கிழக்கத்திப் பேச்சைக் கேட்டதும் இரண்டு பேர் உதட்டைச் சுழித்தார்கள். ஒரு மூலையில் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்த தடித்த ஆள் தலையைத் தூக்கினான். மாற்று ஆட்டக்காரன் குக் சாங்பே.

"பொறந்தது எந்த வருஷம்?"

"எண்பத்தாறு."

"புலி வருஷமா? நானும் புலிதான், ஒரே வயசு. அப்போ டேய் போட்டுக்கலாம். வா, சோறு திங்கலாம்."

இரண்டு வருஷமாகத் தோக்சூவை யாரும் டேய் போடவில்லை. உள்ளே எங்கோ கட்டியிருந்த கயிறு ஒன்று தளர்ந்தது போலிருந்தது அவனுக்கு.

மறுநாள் காலை முளைப்பயறு சூப்புக் கடையில் இருவரும் உட்கார்ந்தார்கள். சாங்பே பச்சை முட்டையைக் கிண்ணத்தில் உடைத்துக்கொண்டே கேட்டான்.

"டேய், உனக்கு எதிரா என் சராசரி எவ்வளவு தெரியுமா?"

"தெரியாது."

"நாலு தடவை நின்னா ரெண்டு அடி. மத்தவனுங்ககிட்ட நாலுக்கு முக்கா. என் பொண்டாட்டி உன் படத்தைக் குளிர்பெட்டி மேல ஒட்டி வச்சிருக்கா. அந்தாளு இருக்கிறவரைக்கும் நமக்கு வேலை போகாதுன்னு."

"பசிக்குது. பேச்சைக் குறை."

"உன் விழுபந்தை நான் இதுவரைக்கும் ஒரு தடவைகூட அடிக்கப் போனதில்லை. ஏன்னு கேளேன்."

"ஏன்?"

"நீதான் சொல்லிடறியே. உதட்டைக் கடிக்கிறே. கடிச்சா விழும். கடிக்கலைன்னா நேரா வரும். இதுக்கு நான் தனியாப் படிக்கணுமா?"

தோக்சூ கரண்டியை வைத்துவிட்டான். "பொய்."

சாங்பே அவனை மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றான். அடிக்கவில்லை. தோக்சூ காலைத் தூக்கும்போதே "நேரா", "விழுது", "நேரா", "நேரா" என்று கத்தினான். இருபது பந்து. இருபதும் சரி. வேலியோரம் நின்ற இளவட்டங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?" என்றான் தோக்சூ.

"ஒம்பது அணிக்கும். ஜோன்ஜுல துணி துவைக்கிற அம்மாவுக்குத் தெரியும்."

"உல்சானுக்கு?"

"அவனுங்க எங்க பாத்தானுங்க? உன் முதுகைத்தானே பாத்தானுங்க." சாங்பே மட்டையைக் கீழே இறக்கினான். "ஆனா உனக்குப் பந்து பிடிச்ச பையனுக்குத் தெரியாம இருக்காதுடா. மூணு வருஷம் உன் மூஞ்சிக்கு நேரா உக்காந்திருந்தான்."

தோக்சூ கூடையை எடுத்துவந்தான். பந்துகளைப் பொறுக்கினான். ஒவ்வொன்றாகக் கூடையில் போட்டான். 'அது இல்லண்ணே, நீங்க விழுபந்து போடும்போது' என்று ஒரு குரல் பாதியில் நின்றது. மீதியை இப்போது அவனே சொல்லிப் பார்த்துக்கொண்டான். அன்று அவன் கேட்டிருந்தால்? கேட்பதற்குக் காது மட்டும் போதும். அவனிடம் அன்றைக்கு அது இல்லை. இருபது பேர் முன்னால் நிற்க வைத்தது மட்டும் நினைவிலிருந்து இறங்கவே மாட்டேன் என்றது.

அன்றைக்கே வேலையை ஆரம்பித்தான். முதலில் சூயிங்கம் மென்று பார்த்தான். விழுபந்து வரும் நேரம் தாடை தானாக நின்றது. உதட்டுக்கு நடுவே காய்ந்த கடற்பாசித் துண்டை வைத்துக்கொண்டு வீசினான். அதையும் சேர்த்துக் கடித்தான். உதட்டை நினைத்தால் விரல் மறந்தது, விரலை நினைத்தால் உதடு முந்திக்கொண்டது. ஐந்து நாள் போனது. சாங்பே இருபதுக்குப் பதினெட்டு சொன்னான்.

"ரெண்டு கொறைஞ்சிருக்குடா" என்றான் ஆறுதலாக.

ஆறாம் நாள் பல் துலக்கும்போது, ரணமாகிக் கிடந்த உதட்டைக் கண்ணாடியில் பார்த்தபடி தோக்சூ நின்றான். விட முடியவில்லை. சரி, விடவேண்டாம். எல்லாப் பந்துக்கும் கடித்தால் என்ன?

சொல்வது சுலபம். நேர்பந்துக்கு மூச்சை வெளியே விட்டு வீச வேண்டும். வாய் திறந்தே தீரும். அதை அடக்கி, பல்லை உதட்டில் வைத்து, மூச்சை மூக்கால் விட்டு, அதே வேகத்தில் வீச வேண்டும். தங்கியிருந்த வாடகை அறையின் ஜன்னல் கண்ணாடி முன்னால் பந்துக்குப் பதில் கையில் துண்டை வைத்துக்கொண்டு வீசினான். காலையில் இருநூறு தடவை, வெயில் தாழ்ந்ததும் இருநூறு தடவை. தோளுக்கு ஓய்வு, உதட்டுக்கு வேலை. உதடு கிழிந்தது. களிம்பு தடவினான். காரம் பட்டால் உயிர் போனது. நாடே வந்து சாப்பிடுகிற ஊரில் வெறும் சோற்றில் குளிர்ந்த பார்லித் தண்ணீரை ஊற்றிக் குடித்தான். போனில் மியோங்ஹீக்குப் பேச்சு புரியவில்லை.

"ஏங்க, குடிச்சிருக்கீங்களா?"

"உதடு வீங்கியிருக்கு."

"யார் அடிச்சா?"

"நான்தான்."

"ஜாடி திறக்கிறப்ப கடிப்பீங்களே, அதா?" என்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

மூன்றாவது வாரக் கடைசியில் சாங்பே மறுபடி நின்றான். இருபதுக்குப் பதினொன்று. மட்டையைக் கீழே போட்டுவிட்டு, "இனி நான் காசு சுண்டிப் பாத்துதான் சொல்லணும். என் பொண்டாட்டி உன் படத்தைக் கிழிக்கப்போறா" என்றான்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆட்டத்தின் பின்பாதியில் அவனை இறக்க ஆரம்பித்தார்கள். உதட்டைப் பார்த்தவுடன் பந்து விழும் என்று மட்டையை அசைக்காமல் நின்றவர்கள், நேர்பந்து நடுவே போவதைப் பார்த்து விழித்தார்கள். ஐந்து ஆட்டம். ஒரு ஓட்டமும் கொடுக்கவில்லை. இருந்தாலும் பயிற்சியாளர் வாயைத் திறக்கவில்லை. ஆறாவது ஆட்டம் உல்சானில்.

எட்டாம் சுற்று. ஜோன்ஜு ஒரு ஓட்டம் முன்னால். உல்சான்காரர்கள் இருவர் ஓடத் தயாராக நிற்கிறார்கள், இரண்டு பேர் ஆட்டமிழந்தாயிற்று; இன்னும் ஒருவன் போனால் சுற்று முடியும். தோக்சூவை அனுப்பினார்கள். அவன் பெயரைக் கேட்டதும் உல்சான் கூட்டம் கேலியாகக் கைதட்டியது. அடிக்க வந்தவன், இரண்டாம் அணியிலிருந்து அந்த வாரம்தான் திரும்பியிருந்த இன்ஹோ. எதிரணி ஆளானாலும் தலைக்கவசத்தின் விளிம்பைத் தொட்டு லேசாகக் குனிந்தான்.

இவனுக்கு எல்லாம் தெரியும் என்று தோக்சூ நினைத்தான். எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். உதட்டைக் கடித்தான். நேர்பந்து. இன்ஹோ அசையாமல் நின்றான். நடுவர் கையைத் தூக்கினார்: மூன்று தவறினால் ஆட்டம் போகும், இது ஒன்று. இன்ஹோவின் புருவம் ஏறியது. மறுபடி கடித்தான். மறுபடி நேர்பந்து; இன்ஹோ அவசரமாக வெட்டினான், பந்து பின்வலையில் போய் விழுந்தது. இரண்டு. மூன்றாவதற்கும் கடித்தான். புண் மேல் பல் பட்டுக் கண்ணில் நீர் வந்தது. விரலைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை. பந்து விழுந்தது. இன்ஹோவின் மட்டை காற்றைச் சுற்றி வந்தது. மூன்று.

ஒரு முழங்காலில் உட்கார்ந்துவிட்ட இன்ஹோ, தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். தோக்சூ அதைப் பார்த்தான்.

ஆட்டம் முடிந்து பேருந்துக்குப் போகும் வழியில் இன்ஹோ காத்திருந்தான்.

"நல்லா வீசினீங்கண்ணே."

தோக்சூ நின்றான். சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்துவிட்டது. இருபது பேர் முன்னால் திட்டியதற்கு இருபது பேர் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். இங்கே யாரும் இல்லை. இது போதாது என்று ஒரு சாக்குத் தோன்றியது. அது சாக்குதான் என்றும் அவனுக்குத் தெரிந்தது.

"ஒழுங்காச் சாப்பிடறியா? இளைச்சிட்டே" என்றான்.

"சாப்பிடறேண்ணே."

"ம்."

ஆகஸ்ட் முடிவில் பயிற்சியாளர் கூப்பிட்டு, ஒப்பந்தத்தை நீட்டிப்பதாகச் சொன்னார். தோக்சூ ஜோன்ஜுவில் இன்னும் நான்கு வருஷம் வீசினான். கீழுதட்டில் ஒரு வெள்ளைத் தழும்பு நிலைத்துவிட்டது. இன்ஹோவின் முழங்கால் மறுவருஷமே கைவிட்டது. மொத்தம் அறுபது ஆட்டம்கூட ஆடாமல் விலகினான். இப்போது கிம்ஹேயில் குளிர்சாதன லாரி ஓட்டுகிறான். இரண்டாம் அணியில் கழிந்த அந்த மூன்று மாதம் மேலே இருந்திருந்தால் அவன் கணக்கு வேறாக இருந்திருக்குமா என்று தோக்சூ சாங்பேயிடம் ஒரு தடவை கேட்டான். "என்னை ஏன்டா கேக்கறே?" என்றான் சாங்பே.

ஒவ்வொரு சூசோக் அறுவடைப் பண்டிகைக்கும் ஒரு பெட்டி நாஜு பேரிக்காய் கிம்ஹேவுக்குப் போகிறது. கூடவே ஒரு சீட்டு எழுத உட்காருவான். பேனாவைப் பிடித்ததும் உதட்டைக் கடிப்பான். எழுத வராது. அனுப்புநர் பெயரை மட்டும் எழுதி ஒட்டுவான். மறுநாள் போன் வரும்.

"அண்ணே, பேரிக்காய் வந்துச்சு. எதுக்குண்ணே வருஷா வருஷம்?"

"இனிப்பா இருக்கா?"

"இருக்குண்ணே."

"இன்ஹோ."

"சொல்லுங்கண்ணே."

லாரியின் எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்கும்.

"ஒண்ணுமில்ல. பாத்து ஓட்டு."