அணில் திண்ட வெள்ளரிப்பழம்

கிண்ணியாவில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் மனிதருக்குத் தொண்டை காயும், வெள்ளரிப்பழத்துக்கு வயிறு வெடிக்கும். அந்த நாட்களில் பரீனா செய்த வெள்ளரிப்பழப் பாலைக் குடிக்காத வீடு அந்த ஒழுங்கையில் கிடையாது. பழத்தைத் தோலுரித்து, விதையைத் தள்ளி, கையாலேயே பிசைவாள். கட்டித் தேங்காய்ப்பால், சீனி, ஒரு சிட்டிகை உப்பு, தட்டிய ஏலக்காய். பிரிட்ஜில் நன்றாகக் குளிர வைத்து, கோப்பையில் ஊற்றி, கஞ்சி போலக் கரண்டியால் அள்ளிக் குடிக்க வேண்டும். மிக்சியில் அடிப்பவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "பழத்த அடிச்சிக் கொல்றாளுகள்" என்பாள்.

பழம் தரும் கொடி அவளுடையதல்ல, கணவர் முத்தலிப்புடையது. மேசன் வேலை செய்தவர். சிறுநீரகம் பழுதாகி, ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வாழும் நிலை வந்தபின், வீட்டுக்குப் பின்னால் மணலில் குழி தோண்டி விதை போட்டார். தண்ணீரையே அளந்து குடிக்கும் மனிதருக்குப் பழம் நஞ்சு என்று டொக்டர் சொல்லியிருந்தார். போன வருடம் களவாக ஒரு கோப்பை குடித்துவிட்டு அவர் மூச்சு முட்டிக் கிடந்ததையும், ஓட்டோவில் போட்டுக்கொண்டு ஓடியதையும் பரீனா இன்னும் மறக்கவில்லை.

ஆகவே இந்த வருடம் ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டாள். சுபஹு தொழுததும், அவர் விழிக்கும் முன் பழுத்ததைப் பறித்து, பால் செய்து, அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து முடித்துவிடுவாள். விடிந்த பிறகு, "இஞ்ச பாருங்க, இண்டைக்கும் அணில் திண்டுட்டு!" என்பாள்.

பொய் என்றால் சும்மா கிடக்குமா? மனிதர் நம்பிவிட்டார். நம்பியதோடு விட்டாரா! கதிரையை இழுத்துக் கொடியடியில் போட்டு, ஒரு பால்மா டின்னும் தடியுமாகக் காவலிருக்கத் தொடங்கினார். காற்று முகத்தில் நெருப்பாய் அடிக்கும், கால் இரண்டும் வீங்கிக் கிடக்கும். அவரோ டின்னைத் தட்டித் தட்டி, வராத அணிலை விரட்டுவார்.

"உள்ள வாங்களேன். வெயில் மண்டையப் பொளக்குது."

"நீ போ, புள்ள. இவன் எனக்கு ஒண்டுமே மிச்சம் வைக்கிறானில்லையே. பாப்பம், ஆர் வெல்றதெண்டு."

அந்த டின் சத்தம் குசினிக்குள் கேட்கும்போதெல்லாம் பரீனாவுக்குச் சோறு இறங்காது. சொல்லிவிடலாம் என்று வாசல்வரை போவாள். சொன்னால் பழம் இருப்பது தெரிந்துவிடும். தெரிந்தால் கேட்பார். அவர் வாய்விட்டுக் கேட்டால் இல்லையென்று சொல்ல இவளுக்கு ஏலாது. பாவி, பாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடுவாள்.

ஆனால் கெட்டிக்காரி ஒன்றை மறந்துபோனாள். அந்த ஊரில் கொடுத்த கோப்பை வெறுங்கோப்பையாகத் திரும்பி வராது. ஒருநாள் காலையில் அவசரத்தில் ஒரு சின்னப் பழத்தை முழுதாகவே கோப்பையில் வைத்து, அடுத்த வீட்டுச் சுஹைராவிடம் கொடுத்திருந்தாள். பின்னேரம், அஸர் தொழுகை நேரம் சுஹைரா வந்தாள். பரீனா அவளுக்குத் தாத்தா, அதாவது அக்கா; முத்தலிப் நானா, அண்ணன். பரீனா தொழுகையில் நின்றாள். பின் ஜன்னல் வழியாகப் பேச்சு ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுந்தது.

"நானா, தாத்தா தொழுறா போல. இத அவவுக்குக் குடுங்க, நீங்க தொட்டிராதீங்க. காலையில அவ தந்த பழத்திலதான் பால் செஞ்சனான். அல்லாஹ்வே, உங்கட கொடி இந்த வருசம் என்ன காய்! ஒழுங்கை முழுக்க உங்கட பழந்தான்."

தொழுகையில் நிற்பவள் என்ன செய்வாள்? வாய் திறக்க முடியாது, பாதியில் விட்டு ஓடவும் மனம் வராது. எதை ஓதினாள், எதை விட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. டின் சத்தம் நின்றுபோனது மட்டும் தெரிந்தது. சலாம் கொடுத்து முடித்தவுடன் தொழுகை உடுப்போடு ஓடினாள்.

கோப்பை அவர் மடியில் இருந்தது.

"குடிச்சிட்டீங்களா?"

"இல்ல." அவர் கொடியைப் பார்த்தபடி இருந்தார். "அணிலுக்கு நான் எவ்வளவு ஏசிட்டன், புள்ள."

பரீனா அவர் காலடியில் மணலில் விழுந்து அழுதாள். "என்னை ஏசுங்க. பொய் சொல்லி உங்கள வெயில்ல இருத்தினவள் நான். நல்லா ஏசுங்க."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். கோப்பையை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"நீ இந்த வருசம் ஒரு வாயாவது குடிச்சியா?"

இல்லையென்று தலையாட்டினாள்.

"அப்ப குடி."

"எனக்கு இறங்காது."

"நான் போட்ட கொடி. குடி, புள்ள."

குடித்தாள். கரண்டி ஒவ்வொரு முறையும் அவள் வாய்க்குப் போவதை அவர் விடாமல் பார்த்திருந்தார். காய்ந்து வெடித்த அவர் உதடுகளும் சேர்ந்து அசைந்தன.

"எப்பிடி இருக்கு?"

சப்பென்று இருக்கிறது, ஒன்றுக்கும் உதவாத பழம் என்று சொல்லிவிட்டால் என்ன? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவருக்கு அது எவ்வளவு லேசாக இருக்கும்!

"நல்ல இனிப்பு" என்றாள்.

"ம்" என்றார் முத்தலிப். "இன்னொரு கரண்டி குடி."