அக்கா கேட்டதும் நான் சொன்னதும்

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் பணிவான வணக்கம். மலரில் அக்காவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். என்னை நல்ல தம்பியாகக் காட்டிய பக்கங்கள் அவை. இது நான்காவது.

அக்கா பிறந்தது பூதப்பாண்டியில். அப்பாவுக்கு ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை கிடைத்தபோது, ஐந்து வயதுக் குழந்தையாகத் திருவனந்தபுரம் வந்தார். நான் இங்கே பிறந்தவன். அக்காவுக்கும் எனக்கும் பத்து வயது வித்தியாசம். அக்கா பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்த ஆண்டு அப்பா இறந்துபோனார். அம்மாவுக்கு அதற்கு முன்பே உடம்பு தளர்ந்துவிட்டது. அக்கா ஓர் அரசுக் கல்லூரியின் பௌதிக ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். அந்த வேலையில் இருந்தபடியே அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார், என்னைப் படிக்க வைத்தார், எனக்குப் பெண் பார்த்தார். தனக்கு ஏன் பார்த்துக்கொள்ளவில்லை என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ஆய்வகத்தில் அக்காவின் கைக்கு ஒரு பெயர் இருந்தது. முள் ஆடாமல் தராசை நிறுத்துவது, லென்ஸை நேர்கோட்டில் வைப்பது எல்லாம் அக்காதான் செய்ய வேண்டும் என்று பேராசிரியர்கள் காத்திருப்பார்களாம். வீட்டிலும் அப்படித்தான். சுவரில் படம் மாட்டினால் ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே ஆணி அடிப்பார்.

என் கல்யாணத்துக்கு நான்கு நாட்களுக்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். வீடு முழுக்கப் பாத்திரமும் ஆட்களுமாக இருந்தது. காலையில் அக்கா என்னிடம் வந்து, “டே, எனக்கு வலது காது அடைச்சிருக்கு. ஒண்ணுமே கேக்கல்ல, கேட்டியா” என்றார்.

“குளிக்கும்போ தண்ணி போயிருக்கும் அக்கா. கல்யாணம் கழியட்டும், டாக்டர்கிட்ட போலாம்” என்றேன். ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அழைப்பிதழ் கொடுக்க விட்டுப்போனவர்களின் பட்டியல் கையில் இருந்தது.

கல்யாணம் கழிந்தது, விருந்துகள் கழிந்தன. மூன்று வாரம் சென்ற பிறகு அக்கா தனியாகவே போய்வந்தார். முதல் இரண்டு மூன்று நாட்களில் வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொன்னாராம். அக்கா அதை என் மனைவியிடம்தான் சொன்னார். என்னிடம் சொல்லவேயில்லை. அந்தக் காது பிறகு திரும்ப வரவில்லை.

அக்கா ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, கல்லூரியில் கழித்துவிட்ட சாமான்களை ஏலம் போட்டார்கள். மொழிப் பாடத்துக்காக எப்போதோ வாங்கிய ஒரு ரெக்கார்டு பிளேயர் அதில் இருந்தது. மூடி உடைந்து, உள்ளே பெல்ட் ரப்பர் மிட்டாய்போல் இளகிக் கிடந்தது. அக்கா அதை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். இசைத்தட்டுகளை அங்கேயும் இங்கேயும் கேட்டுச் சேர்த்தார். பரணில் கிடந்தவற்றைத் தந்த உறவினர்கள் சிலர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

“ஒத்தக் காதை வச்சுகிட்டு இது என்னத்துக்கு அக்கா?” என்று கேட்டேன்.

“காதைத்தான் சரியாக்க முடியல்ல. இதையாவது சரியாக்குகேன்” என்றார்.

சரியாக்கவும் செய்தார். புதுப் பெல்ட் போட்டு, தட்டு சுற்றும் அச்சைத் துடைத்து எண்ணெய் விட்டார். ஆரியசாலைத் தெருவில் லாரி போனால் வீடே அதிரும், ஊசி துள்ளும். அதற்காக மாடியறைச் சுவரில் இரும்புத் தாங்கி அடித்து, அதன்மேல் கனமான கடப்பைக்கல் ஒன்றை ஏற்றி, ரசமட்டம் பார்த்து, கல்லின்மேல் பிளேயரை வைத்தார். ஆம்ப்ளிஃபயரோடும் இரண்டு ஸ்பீக்கரோடும் இணைத்தபோது உறுமல் கேட்டது, எர்த் கம்பி இழுத்து அதை நிறுத்தினார். ஊசி தட்டின்மேல் எத்தனை கிராம் அழுத்துகிறது என்று சிறு தராசில் நிறுத்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் முடிய வாரக்கணக்காகும். அவசரமே கிடையாது.

கடைசியாக ஒன்று மட்டும் அக்காவால் தனியாகச் செய்ய முடியாததாக இருந்தது. ஊசியைத் தாங்கும் கை, தட்டு சுற்றும்போது தானாகவே நடுவை நோக்கி இழுபடும். அதை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்க, நூலில் மிளகளவு எடை ஒன்று தொங்கும். நூலை மாட்ட ஒரு தண்டில் மூன்று வெட்டுகள். சரியான வெட்டில் மாட்டினால் ஊசி பள்ளத்தின் நடுவில் ஓடும், பாடுகிறவரின் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவிலிருந்து வரும். தவறினால் ஊசி ஒரு சுவரில் சாயும். ஒரு பக்கம் கரகரக்கும், குரல் மறுபக்கம் ஒதுங்கும். எந்த வெட்டு என்று சொல்லும் கையேடு தொலைந்துபோயிருந்தது. கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு காது மட்டும் உள்ளவர்களுக்குச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. இதை அக்கா சொல்லித்தான் நான் அறிந்தேன். மிச்சமிருந்த இடது காதிலும் வயதாக ஆக ஓர் இரைச்சல் கூடியிருந்தது. அதை அக்கா முழுதாக நம்புவதில்லை.

ஒரு ஞாயிறு காலை என்னை மாடிக்கு அழைத்து நாற்காலியில் உட்கார வைத்தார். ஒரே பாட்டை மூன்று முறை போட்டார். “நல்லாக் கேட்டுச் சொல்லுடே. எதிலே குரல் நடுவிலே நிக்குது?”

என் கையில் போன் இருந்தது. அலுவலகத்து வாட்ஸப் குழுவில் ஏதோ தகராறு. மூன்று முறையும் நான் ஒரு வரிகூடக் கேட்கவில்லை. பாட்டு நின்றதும் தலை நிமிர்ந்தேன். “மூணாவதுதான் அக்கா. கரெக்டா நடுவிலே.”

“உறப்பா? நிச்சயமாத் தெரியுமா?”

“உறப்பு.”

அக்கா நூலை மூன்றாவது வெட்டில் மாட்டினார்.

அதன் பிறகு ஏழு வருடங்கள். ஊசி மாற்றும்போதெல்லாம் அக்கா என்னைக் கூப்பிட்டு மறுபடியும் கேட்பார். முன்பு சொன்னதையே சொன்னால் மாட்டிக்கொள்ள மாட்டேன் என்று நினைத்து, “மூணாவது” என்றே சொல்லிவந்தேன். இடையில் ஒருமுறை, “வார்த்தையிலே ஸகாரம் வரும்போது கரகரன்னு இருக்கே, உனக்கு அப்பிடித் தோணல்லையா?” என்று கேட்டார். “பழைய ரெக்கார்டு அல்லே அக்கா” என்றேன். அக்கா காதை மெல்லத் தடவிக்கொண்டார்.

சென்ற ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில் அக்காவின் இதயம் பலவீனமாகி, மருத்துவமனையில் பத்து நாள் இருக்க வேண்டி வந்தது. அந்த நாட்களில் இடி விழுந்து மாடியிலிருந்த ஆம்ப்ளிஃபயர் கெட்டுப்போனது. அக்கா வருவதற்குள் சரிசெய்துவிடலாம் என்று விழிஞ்ஞத்திலிருந்து சசியை வரவழைத்தேன். மீன்பிடிப் படகுகளின் வயர்லெஸ் பெட்டிகளைப் பழுதுபார்க்கிறவர். அக்காவுக்கும் முன்பு ஸ்பீக்கர் ஒட்டிக் கொடுத்திருக்கிறார். ஆம்ப்ளிஃபயரை முடித்துவிட்டு, சோதித்துப் பார்க்க ஒரு தட்டைப் போட்டார். அரை நிமிடத்தில் நிறுத்திவிட்டார்.

“சாரே, இது செரியல்ல. குரல் முழுக்க வலது பக்கம் நிக்கிறது. இடது பக்கம் பொட்டல், ஒரே கரகரப்பு. யாரு செட் பண்ணினது?”

“அக்காதான்” என்றேன்.

“சேச்சி இப்படிச் செய்ய மாட்டாங்களே.” ஊசியைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். “கண்டோ? ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு. இதை வச்சு ஓட்டினா தட்டும் போகும் சாரே.”

நூலை இரண்டாவது வெட்டுக்கு மாற்றிப் புது ஊசி போட்டார். மறுபடியும் பாட்டு வந்தபோது, அந்த அறையில் முதல் முறையாக நான் கேட்டேன். பாடியவர் எனக்கு நேர் எதிரில் நிற்பதுபோல் இருந்தது. அவர் மூச்சு இழுப்பதுகூடத் தெரிந்தது. ஆனால் குரல் உயரும் இடங்களில் இடது பக்கம் இன்னும் கொஞ்சம் கிழிந்துகொண்டுதான் இருந்தது. சசி வேறு தட்டுகளையும் போட்டுப் பார்த்தார். அக்கா அதிகம் விரும்பிக் கேட்டவைதான் அதிகம் கெட்டிருந்தன.

“அக்காகிட்ட இதைச் சொல்ல வேண்டாம்” என்றேன். சசி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனார்.

அக்கா வீட்டுக்கு வந்த மறுநாள், படி ஏறக் கூடாது என்று சொல்லியும் கேட்காமல் மாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் என் பெயரைச் சொல்லிக் கத்தினார். பயந்துபோய் ஓடினேன். அக்காவின் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் பல வருடங்களாகப் பார்த்ததில்லை.

“டே, எனக்குக் காது தெளிஞ்சிருக்குடே! ஸகாரம் சுத்தமா கேக்குது. ஆஸ்பத்திரியிலே குடுத்த மருந்தாக்கும். காது டாக்டரைப் போய்ப் பாப்போம், வா.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சோதித்தார்கள். டாக்டர் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வலது காது அப்படியே இருந்தது. இடது காது முன்பைவிடச் சற்றுக் குறைந்திருந்தது. அக்கா இரண்டு தாள்களையும் வெகுநேரம் பார்த்தார். ஆய்வகத்தில் அளவு தப்பியவர்போல, “அப்போ நான் கேட்டது என்ன?” என்று டாக்டரிடமே கேட்டார்.

திரும்பி வரும்போது, ஆட்டோ கிழக்கே கோட்டை நெரிசலில் நின்ற இடத்தில், எல்லாவற்றையும் சொன்னேன். போனைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஏழு வருடம் அதையே சொன்னது, சசியின் வாயை அடைத்தது, எல்லாம். அக்கா நல்ல காதை என் பக்கம் திருப்பி முழுதும் கேட்டார்.

“ஏழு வருஷமா நான் என் காதைத்தான் ஏசிகிட்டு இருந்தேன்” என்றார்.

“அக்கா, தெரியாம...”

“தெரியாமயா? உன் கல்யாணத்தப்போ என் காது போச்சு. அதுக்கு ஒரு நாளாவது உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா? அது தெரியாம நடந்தது. இது நீ தெரிஞ்சு செஞ்சது.”

அடுத்த இரண்டு நாளும் என் மனைவியின் கையால் மட்டும் சாப்பாடு வாங்கிக்கொண்டார். நான் உள்ளே போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மூன்றாம் நாள் மாலை நான் அலுவலகத்திலிருந்து வந்ததும், “மேலே வந்து இரு. போனைக் கீழே வச்சிட்டு வா” என்று குரல் வந்தது. போய் உட்கார்ந்தேன். அக்கா எனக்கு முதுகு காட்டி நின்று நூலை எங்கேயோ மாட்டிவிட்டுப் பாட்டைப் போட்டார்.

“சொல்லு.”

கண்ணை மூடிக் கேட்டேன். “குரல் இடது பக்கமா ஒதுங்கி இருக்கு அக்கா. வலது பக்கம் கரகரக்குது.”

“எவ்வளவு ஒதுங்கி?”

“ஜன்னல் வரைக்கும்.”

“ஒண்ணாவது வெட்டிலே போட்டேன்” என்றார் அக்கா. நூலை இரண்டாவதற்கு மாற்றினார். “இப்போ?”

“நடுவிலே.”

“ம். கேக்கத் தெரியும், இல்லியா?”

அன்றிலிருந்து தினமும் மாலை ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். அக்காவிடம் இருந்தவை ஐம்பத்தெட்டுத் தட்டுகள். ஒவ்வொன்றையும் முழுவதுமாகக் கேட்டு, எங்கே கெட்டிருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும். அக்கா உறையின் மூலையில் பென்சிலால் குறிப்பார். நான் தயங்கினால் ஊசியைத் தூக்கி அதே இடத்தில் மறுபடி வைப்பார். பொறுமையாகத்தான் செய்தார். ஆனால் ஒவ்வொரு குறிப்பையும் எழுதும்போது அவர் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நான் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. ஒரு வயலின் தட்டுக்கு, இரண்டு பக்கமும் கெட்டது என்று சொன்னபோது, பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “இன்னைக்கு இது மதி, போதும்” என்று எழுந்து போய்விட்டார்.

நாற்பது தட்டுகள் முடிந்திருந்தபோது மறுபடியும் மூச்சுத்திணறல் வந்தது. இம்முறை மருத்துவமனையிலிருந்து அக்கா திரும்பவில்லை. கடைசிக்கு முந்தைய நாள் பகலில் நல்ல நினைவோடு இருந்தார். பிளேயர் சசிக்கு என்றார். “அவனுக்கு அதோட மதிப்பு தெரியும்.” தட்டுகளை யாருக்கு என்று கேட்டேன்.

“வேணும்னு கேக்கிறவங்களுக்குக் குடு. கெட்டதைச் சொல்லாம யாருக்கும் குடுக்கப்பிடாது. யாரு கெடுத்ததுன்னும் சொல்லணும்.”

“சொல்லுகேன் அக்கா.”

அக்கா சரி என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். பரவாயில்லை என்று சொல்வார் என்று மறுநாள் விடியும்வரை பக்கத்தில் இருந்தேன். சொல்லவில்லை.

அக்காவை அக்கறையோடு கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இறுதி நாட்களில் எங்களோடு நின்ற ஆரியசாலைத் தெருக்காரர்களுக்கும், நாஞ்சில் நாட்டிலிருந்து மழையில் வந்து சேர்ந்த உறவினர்களுக்கும், ஆய்வகத் தோழர்களுக்கும், அக்காவுக்குக் கடைசிவரை ஒரு மகளாக இருந்த என் மனைவிக்கும், எங்கள் குடும்பத்தின் நன்றி. சசிக்குத் தனியாக ஒரு நன்றியும், அன்று அவரைப் பொய்க்குத் துணை நிற்கச் சொன்னதற்கு மன்னிப்பும்.

மீதியிருந்த பதினெட்டுத் தட்டுகளையும் நான் தனியாக உட்கார்ந்து கேட்டு, அக்கா எழுதிய அதே மூலையில் எழுதிவிட்டேன். நினைவு நாளன்று ஐம்பத்தெட்டுத் தட்டுகளும் மாடியறையில் இருக்கும், விரும்புகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். இருபத்தேழு நன்றாக இருக்கின்றன. முப்பத்தொன்று கெட்டுவிட்டன. கெடுத்தவன் நான்.